உள நெகிழ்ச்சி

போர்முனையினின்றும் மீண்டோரை நோக்கி, "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்பார் பலர். மறக்க முயலுந்தோறும் நினைவு மிகுதலை அவர் அறியார். அமெரிக்க உளநூலறிஞர் ரொபின் வோல்சர் அம்மையார், அந்நாட்டு முன்னாட் படைவீரர் திணைக்களத்தைச் சார்ந்த மனவடுத் தேசிய நிலையத்திற் பல்லாண்டு பணியாற்றி, வேறு வழி கற்பித்தவர். ஸ்ரீவன் ஹேய்சும் தோழரும் 1999இல் நூலாக்கிய மருத்துவமுறை அது; 2007இல் டரா வெஸ்ட்ரப்புடன் இணைந்து அதனை மனவடுவிற்கேற்ப அம்மையார் விரித்தெழுதினார். நினைவை விரட்டாது அதற்கு இடங்கொடுத்து, தாம் மேலெனக் கொண்டவற்றின் வழியே நடத்தலை 'உள நெகிழ்ச்சி' என்பர்.

இந்நெறியின் முதன்மைச் சொற்களுள் ஒன்றாகிய 'ஏற்றல்' என்பதே பிழைபட உணரப்படுவது. கொடுமையை நன்றென ஒப்புதலன்று அது, கொடியோரை மன்னித்தலுமன்று, தன்னுள் எழும் அச்சத்தோடு ஓயாது பொருதலைக் கைவிடுதலே. அதனைப் 'பொறுத்துப்போதல்' என மொழிபெயர்த்தல் பெரும்பிழை; துயருற்றோர் செவியில் அது, மறக்கச் சொல்வதினுங் கொடிய கட்டளையாய் விழும்.