தாலி கட்டும்போது கேமரா யார் கையில்?

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 'அண்ணா, எங்க ஏரியா பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் சுடுகாடுதான் ஞாபகம் வரும். இங்கேயும் கல்யாணம் நடக்கும்ணா. தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். போட்டோ, வீடியோ, ஆல்பம்னு விசாரிச்சா சொல்ற ரேட்டைக் கேட்டு தலை சுத்துது. நான் போன்ல நல்லாவே எடுப்பேன். ஞாயித்துக்கிழமை காலையில காசிமேட்டுக்குப் போய் படகு, மீன் ஏலம்னு எடுத்துப் பழக்கம். கையில 40,000 ரூபா சேர்த்து வெச்சிருக்கேன். அதுல ஒரு கேமரா வாங்கி நானே எல்லாத்தையும் எடுத்துடலாம்னு இருக்கேன். எதை வாங்கலாம்?'

கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. சுடுகாட்டை மட்டும் நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள் தம்பி. அந்தச் சுடுகாட்டிலேயே தாளமுத்து, நடராசன் நினைவிடமும் இருக்கிறது. ஊர்ப்பெயருக்காக நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, கேமராவுக்கு வருவோம். காசிமேட்டில் நீங்கள் எடுத்தது சூரியனை வைத்து. கடலில் பட்டுத் தெறிக்கும் காலை வெயிலில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். கல்யாணம் வேறு கதை. முகூர்த்தம் பாதிப் பேருக்கு விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. மண்டபத்தில் டியூப்லைட் ஒரு நிறம், மேடையின் எல்.இ.டி. இன்னொரு நிறம், சீரியல் செட் மூன்றாவது நிறம். நடுவில் ஹோமப் புகை. கண்ணுக்கு ஜெகஜ்ஜோதியாகத் தெரியும் அந்த மேடை, கேமராவுக்கு அரை இருட்டு.

40,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், ஆரம்ப நிலைக் கேமரா ஒன்றை 18-55 லென்ஸோடு பெட்டியில் போட்டுத் தருவார்கள். அந்த லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதற்கான எண் அது. எண் சிறுத்தால் வாய் பெரிது. ஜூம் செய்து தங்கையின் முகத்தை நெருங்கும்போது அந்த லென்ஸ் 5.6-க்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கிட் லென்ஸில் 30-ல் ஒரு பங்கு விநாடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர், இதில் 300-ல் ஒரு பங்கில் வேலையை முடித்துவிடும். முதலாவதில் அட்சதை வெள்ளைக் கோடாக இழுபடும், மாப்பிள்ளையின் விரல்கள் கலங்கும். இரண்டாவதில் மஞ்சள் கயிற்றின் முறுக்குகூடத் தெரியும்.

அதனால் என் முதல் யோசனை: பாடியில் காசைக் கொட்டாதீர்கள். பாடி பழையதாக இருக்கட்டும், லென்ஸ் நல்லதாக இருக்கட்டும்.

எல்லோரும் 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கச் சொல்வார்கள். விலை குறைவு, முகங்களுக்கு அருமை. ஆனால் ஆரம்ப நிலைக் கேமராக்களின் சென்சார் சிறியது. கேனானில் 1.6-ஆலும் நிக்கானில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 என்பது 75, 80 ஆகிவிடும். உங்கள் பக்கத்து வீடுகளின் கூடத்தில் நலங்கு வைக்கும்போது பின்னால் நகர இடம் ஏது? முதுகு சுவரில் இடித்த பிறகும் சட்டத்துக்குள் இரண்டு முகம்தான் வரும். அத்தைகள் மூன்று பேர் வெளியே நின்றால் அப்புறம் வீட்டில் யார் பதில் சொல்வது? வீட்டுக்குள் எடுக்க நிக்கான் 35 எம்.எம். எஃப் 1.8 அல்லது கேனான் 24 எம்.எம். எஃப் 2.8 பொருத்தம். 50 மண்டபத்துக்கு. பழைய நிக்கான் 'டி' வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கையால் திருகிக்கொண்டிருப்பதற்குள் மூன்று முடிச்சும் முடிந்துவிடும்.

அடுத்தது ஃப்ளாஷ். கேமராவிலேயே குதித்து எழும் குட்டி ஃப்ளாஷை மறந்துவிடுங்கள். நெற்றி எண்ணெய் வழிவதுபோல மின்னும், பின்னால் கன்னங்கரேல் நிழல் விழும். மேலே மாட்டும் தனி ஃப்ளாஷ் வாங்கி, தலையைக் கூரைப்பக்கம் திருப்பி அடிக்க வேண்டும். கூரையில் பட்டு இறங்கும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். சுண்ணாம்பு அடித்த தாழ்வான கூரை உள்ள வீடு இதற்கு வரம். வீடு சின்னது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு சந்தோஷம் இது! ஆனால் சுவர் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். கல்யாணப் பெண் பச்சையாகத் தெரிவாள். தெருவில் போட்ட பந்தலிலும் இதே சிக்கல். சிவப்புத் துணிக்கு அடியில் கூரையைப் பார்த்து அடித்தால் மொத்த சம்பந்தி வீடும் சிவந்து போகும். அங்கே ஃப்ளாஷில் வெள்ளை அட்டையைச் செருகி நேராக அடிப்பதே மேல்.

வாங்கும் முன் கடையிலேயே ஃப்ளாஷை மாட்டி ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். கேனான் 200டி மார்க் 2 மாதிரியான சில மாடல்களில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய தொடுமுனையே கிடையாது. மற்ற கம்பெனிகளின் பல ஃப்ளாஷ்கள் அதில் எரியாது.

எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டரை அணைத்துவிடுங்கள். கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

இதுவரை சொன்னது பொருளைப் பற்றி. கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. நீங்கள் கல்யாணப் பெண்ணின் அண்ணன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வருவது யார்? பொரியிடும் வழக்கம் உள்ள வீடானால், தங்கையின் கையில் பொரியை அள்ளி வைப்பது யார்? மச்சானுக்கு மோதிரம் போடும்போது விரலை நீட்ட வேண்டியது யார்? தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் காத்திருப்பார். தங்கை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் முகம் தெரிய வேண்டாமா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் ஆள்தான் தெரிவான். ஆல்பம் முழுக்க எல்லோரும் இருப்பார்கள், நீங்கள் ஒருவர்தான் இருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, முகூர்த்தம் மறுபடி நடக்காது. காசிமேட்டில் இன்றைக்குத் தவறிய படகு நாளைக்கும் வரும். போட்டோகிராபர் சொல்லும் ரேட்டில் இந்தப் பயத்துக்கான கூலியும் இருக்கிறது. ஒரு கேமரா மக்கர் செய்தால் கையில் இன்னொன்று, லைட் பிடிக்க ஒரு பையன், அப்புறம் ஆல்பம் டிசைனுக்கு வாரக்கணக்கில் உட்காரும் வேலை. அவர்கள் கொள்ளையடிப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யலாம். ஏரியாவிலேயே தொழில் செய்யும் ஒருவரிடம் 'முகூர்த்தம் மட்டும், ஆல்பம் வேண்டாம், படங்களை மட்டும் கொடுத்தால் போதும்' என்று பேசிப் பாருங்கள். சில மணி நேர வேலைக்குப் பலரும் இறங்கி வருவார்கள். 12-க்கு 36 ஆல்பத்தைப் பணம் சேர்ந்ததும் பொறுமையாகப் போட்டுக்கொள்ளலாம். மேடை அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு.

அந்த 'மற்றதெல்லாம்' லேசுப்பட்டதில்லை. முந்தின நாள் வாசலில் வாழைமரம் கட்டுவது, சீர்வரிசைத் தட்டுகள் சந்துக்குள் வரிசையாக வருவது, மாடிப்படியில் உட்கார்ந்து மருதாணி காயவைக்கும் பெண்கள், பந்தியில் இலை போடும் சித்தப்பா, மொய் நோட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி. காசுக்கு வந்தவர் இதையெல்லாம் எடுக்க மாட்டார், எடுக்கவும் தெரியாது. எது யாருடைய முகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வடசென்னைப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததைக் கண்காட்சியாகவும் வைத்தவர் ஒளிப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார். வெளியூர் ஆள் வந்து எடுக்கும் வடசென்னை வேறு, அங்கேயே வளர்ந்த பிள்ளை எடுக்கும் வடசென்னை வேறு. உங்கள் தெருக் கல்யாணத்துக்கும் அதேதான்.

எதை விட்டாலும் ஒன்றை விடாதீர்கள். வந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுங்கள். அந்த 50 எம்.எம். லென்ஸ் இதற்காகவே பிறந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எஃப் 2.8, ஃபோகஸ் கண்ணில், ஃப்ளாஷ் வேண்டாம். நம் வீடுகளில் சுவரில் மாலையோடு தொங்கும் படங்களைப் பாருங்கள். பாதி, யாரோ ஒருவர் கல்யாணத்தின் குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கியவை. பாட்டியின் தோளில் பக்கத்தில் நின்றவரின் அரைக் கை அப்படியே இருக்கும். 120 ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படங்களே விழுந்த காலத்தில், தனிப்படம் ஆடம்பரமாக இருந்தது. இன்று மெமரி கார்டில் ஆயிரம் படம் கொள்ளும்போதும் பாட்டிக்குத் தனிப்படம் இல்லையென்றால் எப்படி?

இந்தப் படங்களைப் போனில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பகல் வெளிச்சத்தில் தாராளமாக எடுக்கலாம். போர்ட்ரெய்ட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று தலையிலிருக்கும் மல்லிச் சரத்தையும் சேர்த்துக் கடித்துவிடும். நைட் மோடில் எடுத்தால், அசையாமல் இருக்கும் குத்துவிளக்கு அழகாக வரும், அசையும் மனிதர்கள் பேயாக வருவார்கள்.

இனி பணம். கல்யாணத்துக்காக மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். சென்னையில் நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. அடையாள அட்டை, முகவரிச் சான்று, முன்பணம் கேட்பார்கள். மூன்று நாள் வாடகை, முகூர்த்தத்துக்கு ஆள் எல்லாம் போக உங்கள் 40,000-ல் கணிசமாக மிஞ்சும். வாடகைக் கேமராவைக் கல்யாணத்தன்று காலையில் முதல்முறையாகத் தொடாதீர்கள். இரண்டு நாள் முன்பே எடுத்து, ராத்திரியில் வீட்டுக்குள் டியூப்லைட்டில் அம்மாவை நிற்கவைத்து எடுத்துப் பழகுங்கள். தவணை முறையில் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் ஏற்கெனவே எத்தனை தவணைகளோ!

இல்லை, இந்தக் கலையைத் தொடரப்போகிறேன் என்றால் பழையதாக வாங்கலாம். 2014-ல் வந்த நிக்கான் டி750-க்கு இரண்டு கார்டு போடும் வசதி உண்டு. ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 2012-ல் வந்த கேனான் 6டி-க்கு ஒரு லட்சம், கார்டு ஒன்றுதான். இரண்டுமே பெரிய சென்சார், மங்கல் வெளிச்சத்தில் கைகொடுக்கும். எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேட்டு, சரிபார்த்து வாங்குங்கள். லென்ஸை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. நம் கடற்கரைக் காற்றில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வரும் வியாதி இது. வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். ஏ.சி. மண்டபத்திலிருந்து நேராக வெளியே ஓடினாலும் லென்ஸில் பனி மூடும். மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே பையோடு வெளியே போய்விடுங்கள்.

பேட்டரி இரண்டு வேண்டும். ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் செல்கள் இரண்டு செட். கார்டு 128 ஜி.பி. ஒன்றைவிட 32 ஜி.பி. இரண்டு நல்லது, ஒன்று கெட்டால் எல்லாம் போகாது. ரோட்டோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டு வேண்டாம். இடம் போதவில்லை என்று மண்டபத்தில் உட்கார்ந்து படங்களை அழிக்காதீர்கள், அவசரத்தில் விரல் எங்கே படும் என்று சொல்ல முடியாது. கட்டுசாதக் கூடை கட்டி எல்லோரும் கிளம்பியதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும் அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். அதுவரை கார்டு உங்கள் சட்டைப் பையில் வேண்டாம், அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கட்டும். வேட்டி சட்டையெல்லாம் மறுநாள் காலையில் நேராக வாளிக்குத்தான் போகும்.