இணையம் முடங்கினால் இழப்பீடு கேட்போம்

தாம்பரத்தின் சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர் பகுதிகளில் மழை வலுத்தால் இணையம் நின்றுவிடுகிறது. வடிகாலுக்குத் தெருவைத் தோண்டினாலும் நிற்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அது ஒருநாள் சம்பளம். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒருநாள் வியாபாரம். ஆனால், வாய்திறந்து கேட்காதவரிடம் மாதக் கட்டணம் முழுவதுமாக வசூலிக்கப்படுகிறது.

நெடுங்காலம் சட்டமும் நுகர்வோருக்குத் துணையாக இல்லை. தொலைபேசித் தகராறுகளை 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி நடுவரிடமே கொண்டுசெல்ல வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று எம். கிருஷ்ணன் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கிக்கொண்டன. சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு 24,609 ரூபாய்க்கு பில் வந்தது. அவர் தொடுத்த வழக்கில்தான் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ தொலைத்தொடர்பையும் ‘சேவை’ என வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது.

தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரிப்பதில்லை. எனவே நமக்கான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், வழக்கை நாம் வசிக்கும் மாவட்டத்தில் தொடுக்கலாம். தாம்பரத்துக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியில் மனு செய்யலாம், காணொலியில் ஆஜராக அனுமதி கோரலாம். பிழைப்புக்காகச் சொந்தமாகச் சிறுகடை நடத்துபவரும் நுகர்வோரே. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு தொடுக்க வேண்டும்.

வழக்கு நிற்பது ஆவணத்தில்தான். வாய்மொழிப் புகார் போதாது. புகார் எண், இணைப்பு போன நேரமும் வந்த நேரமும், கட்டண ரசீது, நிறுவனத்தின் பதில் ஆகிய அனைத்தும் கையில் இருக்க வேண்டும்.

‘சில நூறு ரூபாய்க்காக ஆணையம் வரை அலைவதா?’ என்ற கேள்வி நியாயமானது. மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் இழுபடுகின்றன. தனியாள் சோர்ந்துவிடுவார் என்பதே நிறுவனங்களின் பலம். ஆனால், ஒரு கேபிள் அறுந்தால் பாதிக்கப்படுவது ஒரு வீடல்ல, ஒரு தெரு. ஒரே பாதிப்புக்குள்ளான பலர் ஆணையத்தின் அனுமதியுடன் ஒரே மனுவாக வழக்கு தொடுக்கச் சட்டம் வழிசெய்கிறது. நுகர்வோரின் ஒட்டுமொத்த உரிமை மீறப்பட்டால் மாவட்ட ஆட்சியரே விசாரிக்கலாம். குடியிருப்போர் நலச்சங்கங்கள் சாலைக்கும் குடிநீருக்கும் மனு எழுதுவதுபோல, இதற்கும் ஆவணம் திரட்டி மக்களை ஒன்றுசேர்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் போன்ற புயலுக்கு நிறுவனத்தைக் குற்றம்சொல்ல முடியாது. ஆனால், சேவை தராத நாள்களுக்குப் பணம் வாங்குவதை எந்தப் புயலும் நியாயப்படுத்தாது. முடங்கிய நேரத்தைக் கணக்கிட்டுக் கழித்தே பில் அனுப்பும் பொறுப்பு நிறுவனங்களுடையது. அதை அவை செய்யும்வரை, தெருத்தெருவாக வழக்கு தொடுப்பதே நமக்குள்ள வழி.