ஏட்டுச்சுவடியும் உயிர்நூலும்

மைசூரில் வாழும் நம் தமிழன்பர்களுள் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடத்தைக் காணாதார் இரார். ஆனால் உட்சென்று பார்த்தவர் சிலரே. பத்தாம் சாமராஜ உடையார் 1891ஆம் ஆண்டில் ‘ஓரியண்டல் லைப்ரரி’ என நிறுவிய அந்நூலகம், 1916 முதல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிற்கின்றது. சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் 1905இல் வெளிப்பட்டது அங்கேதான். பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அந்நூலின் ஏட்டைச் சாமசாஸ்திரியார் கண்டறிந்தார். 1909இல் மூலத்தை அச்சேற்றினார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டார். அவ்வேடு கிரந்த எழுத்தில் அமைந்தது. அதனை நூலகத்துக்கு அளித்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். காவிரி நாட்டிலிருந்து மைசூருக்கு வந்த பொருள்களுள் அதனினும் சிறந்தது வேறு உண்டோ என நாம் பெருமிதத்தோடு கேட்கலாம்.

நூல் அச்சாகிவிட்டது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டும் விட்டது. இந்நாளில் ஏடுகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். இனி அவ்வோலையைக் காத்து வைப்பானேன் என்று கற்றோரே வினவுகின்றனர். இவ்வினாவுக்கு உயிர்நூல் வல்லார் அண்மைக் காலத்தில் தரும் விடையை அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

மேனாட்டாரின் பழஞ்சுவடிகள் பெரும்பாலும் விலங்கின் தோலில் எழுதப்பட்டவை. எந்த விலங்கின் தோல் என்று அறியச் சிறு துண்டேனும் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு எந்த நூலகத்தார் இசைவர்? இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஓர் எளிய வழி கண்டனர். தோல் ஏட்டின் அழுக்கை நீக்க நூலகப் பணியாளர் ரப்பர் கொண்டு மெல்லத் தேய்ப்பது வழக்கம். தேய்த்து உதிர்ந்த துகளைக் குப்பையில் கொட்டிவிடுவர். அத்துகளில் தோலின் புரதம் ஒட்டியிருக்கின்றது! அதனை ஆய்ந்தால் கன்றா, ஆடா, செம்மறியா என்பது புலனாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மிக மெல்லிய விவிலியப் பிரதிகள், பிறவாத கன்றின் தோலால் ஆயவை என நெடுநாள் பேசப்பட்டன. அவை பல விலங்குகளின் தோலைப் பக்குவப்படுத்திச் செய்தவையே என்று 1915இல் அன்று, 2015இல்தான் இம்முறையால் தெளிவாயிற்று. நூறாண்டாகக் குப்பைக்குச் சென்ற துகளில் எத்துணைச் செய்தி மறைந்ததோ!

ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய யார்க் சுவிசேஷ ஏட்டை 2017இல் இவ்வாறே ஆய்ந்தபோது, குருமார் கைவைத்து உறுதிமொழி கூறிய பக்கங்களில் மனித உடலின் தடயங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. சரசுவதி பூசையன்று சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நம் முன்னோரின் கைத்தடமும் நம் ஏடுகளில் இருக்கக்கூடும். சாக்கடல் அருகே கிடைத்த தோற்சுருள்களை 2020இல் மரபணு கொண்டு ஆராய்ந்தவர், அவற்றுட் பல செம்மறியாட்டுத் தோல் எனவும், எரேமியா நூலின் துண்டுகளுள் சில மாட்டுத்தோல் எனவும் கண்டனர். நீரும் புல்லும் அருகிய அப்பாலையில் மாடு வளர்த்தல் அரிது. எனவே அவை வேற்றூரில் எழுதப்பட்டு அங்கே வந்தவை என்று கொண்டனர்.

நம் ஓலைக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. ஓலை தாவரம், அதில் தோற்புரதம் இல்லை. மேலும் ஓலையை வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்துவர். அவ்வெப்பத்தில் மரபணு சிதையும். எனினும் வேறு சான்றுகள் உள. எழுதத் தகும் ஓலை தருவன இரண்டு மரங்கள்: ஒன்று நம் பனை, மற்றொன்று மலையாளக் கரையிலும் கன்னடக் கடற்கரையிலும் இலங்கையிலும் வளரும் தாளிப்பனை. இதனைக் கன்னடத்தார் ‘ஸ்ரீதாளெ’ என்பர். நாம் சீதாளம் என்கிறோம். இரண்டின் நரம்பமைப்பும் வேறு. அவ்வேறுபாட்டைக் கொண்டு ஏடுகளைப் பிரித்தறியலாம் என்பதை ஹார்னலி என்னும் அறிஞர் 1900ஆம் ஆண்டளவிலேயே எழுதினார். ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தாரும் ஓலையின் பொருட்கூற்றிலிருந்து அதன் பிறப்பிடத்தை அறிய முயன்றுவருகின்றனர்.

இம்முயற்சி கைகூடின் நம் தஞ்சை ஏட்டிடமும் ஒன்று கேட்கலாம். அர்த்தசாஸ்திரத்தின் வேறு ஏடுகள் மலையாள நாட்டில் கிடைத்தன. அவற்றைக் கொண்டு கணபதி சாஸ்திரியார் 1924-25இல் திருவனந்தபுரத்தில் ஒரு பதிப்பு வெளியிட்டார். மைசூர் ஏட்டுக்கு ஓலை தந்த மரம் காவிரிக் கரையில் நின்றதா, மேற்குக் கடற்கரையில் நின்றதா? அச்சுப் புத்தகத்தைப் புரட்டி இதற்கு விடை காண இயலாது, படத்திலும் இயலாது.

பூச்சியரித்த துளையும் வீண் அன்று. ஐரோப்பிய மரச்செதுக்குப் படங்களில் உள்ள துளைகளை அளந்த ஹெட்ஜஸ் என்னும் அமெரிக்க உயிரியலறிஞர், வடபுலத்துத் துளை சிறிது, தென்புலத்துத் துளை பெரிது, இரண்டும் வெவ்வேறு வண்டினத்தின் வேலை என 2013இல் எழுதினார். நாமோ சுவடியரிப்பதற்கு ‘இராமபாணம்’ எனப் பெயர் சூட்டி, அத்துடன் அமைந்துவிட்டோம்!

மஞ்சள், வேம்பு, வசம்பு ஆகியவற்றால் ஏடு காத்த முன்னோர் முறையையோ, நூலகத்தார் புல்தைலம் பூசுவதையோ நாம் குறை கூறோம். அவையின்றேல் இன்று ஆராய்வதற்கு ஏடே இராது. ஆயினும் தைலம் பூசிய ஓலையில் பழைய தடயம் கலந்துபோகும் என்பதும் உண்மை. ஒவ்வொரு கட்டிலும் எழுதாத ஓலை ஒன்றையேனும் தைலம் தொடாமல் தனியே வைத்தல் தகும் என்பது நம் கருத்து.

நம் குடும்பங்கள் சிலவற்றில் ஊரிலிருந்து கொணர்ந்த சோதிட ஏடோ மருத்துவ ஏடோ பெட்டியில் உறங்கக்கூடும். அவற்றை வைத்திருக்கும் அன்பர்கள் நீரால் கழுவ வேண்டா. பிளாஸ்டிக் உறையில் ஒட்ட வேண்டா. முறிந்த ஓலையையும் வெற்றோலையையும் கட்டைவிட்டுப் பிரிக்க வேண்டா. கட்டை அவிழ்க்கும்போது கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, உதிரும் தூளையும் பூச்சிக் கூட்டையும் மடித்து, எந்த ஊரில் எவரிடமிருந்து வந்த ஏடு என்று எழுதி, ஏட்டுடனேயே வைத்திடுக.