பெயர் தெரியாத செடி

வேலியோரத்தில் யாரும் நடாமலே ஒரு செடி முளைத்துவிட்டால் பிடுங்கி எறிகிறோம். பூ அழகாயிருந்தால் விட்டுவிடுகிறோம். அது இன்ன செடியென்று விசாரிப்பவர் அரிது. இது சரியன்று என்பது என் எண்ணம்.

பொன்னரளியைப் பாருங்கள். மெக்சிகோ முதலான நாடுகளுக்குரிய இச்செடி இன்று நம் வீட்டு வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் நிற்கிறது. புனல் போன்ற மஞ்சள் பூ. ஒடுங்கி நீண்ட இலை. செவ்வரளியில் கணுவுக்கு மூன்று இலைகள் சூழ்ந்திருக்கும். இதிலோ ஒவ்வொன்றாய் மாறி மாறி வரும். கிள்ளினால் பால் வடியும். பச்சைக் காய் முற்றினால் கறுக்கும். உள்ளே கெட்டியான கொட்டை ஒன்று. அதை வைத்துத்தான் சிறு பிள்ளைகள் விளையாடுகிறார்கள்! செடி முழுவதுமே நஞ்சு. விதையில் மிக அதிகம். உள்ளே போனால் இருதயத் துடிப்பையே நிலைகுலைத்துவிடும்.

செம்பருத்திப் பூவைப் பிரித்துப் படம் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். வாசலில் நிற்கும் செடியின் பெயரைக் கேட்டாலோ விழிக்கிறோம்! நம் பள்ளித் தோட்டத்தில் செடிக்கொரு பெயர்ப் பலகை வேண்டும். நச்சுச் செடிக்குச் சிவப்பு எழுத்தில். எழுதும் வேலை பத்தாம் வகுப்பினுடையதாக இருக்கட்டும். ஐயம் வந்தால் தோட்டக்காரத் தாத்தாவைக் கேட்கலாம். அவர் அறியாத செடி இங்கே குறைவு.