அம்மாவின் நிறம் எந்தக் குச்சியில்?

நம் சங்கத்து அன்பர்களில் பலர், பிள்ளைகள் பள்ளியில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்வதால், ஞாயிறுதோறும் வீட்டிலேயே தமிழெழுத்தும் சித்திரமும் கற்பித்து வருகின்றனர். சித்திரத்துக்கு எவ்வகை வர்ணம் வாங்கலாம் என்று சித்தூரிலிருந்தும் மூணாற்றிலிருந்தும் தாய்மார்கள் கேட்டிருந்தனர். ஆகவே கடைகளில் கிடைக்கும் மூவகை வர்ணங்களை வாங்கி, பாலக்காட்டுச் சமவெளியில் ஒரு வீட்டிலும், மூணாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றிலும், பங்குனி முதல் ஆடி வரை குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தோம்.

மெழுகுக்குச்சி இரண்டிடத்திலும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. கணவாய் வழியே வெப்பக்காற்று வீசும் பங்குனியில், ஜன்னலோரம் வைத்த பெட்டியில் குச்சிகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சமவெளியிலுள்ளோர் அதனை மண்பானையருகே வைப்பது நலம். மலையிலோ அது உறுதியாக நின்றது. நீர்வர்ணத்தின் கதை இதற்கு நேர்மாறு. மூணாற்றின் ஆடி மழையில் காலையில் தீட்டிய படம் மாலையிலும் ஈரமாகவே கிடந்தது. இரண்டாவது வர்ணம் முதலாவதற்குள் ஓடிக் கலந்துவிட்டது. மலைவாசிகள் நீர்வர்ணத்தைத் தை, மாசிக்கு ஒதுக்கி வைக்கலாம்.

மூன்றாவது, ஆயில் பாஸ்டல் என்னும் எண்ணெய் வர்ணக்குச்சி. ஆசிரியர் தரும் படத்தை நகலெடுப்பதை விட்டு, பிள்ளைகள் தாம் கண்ணாற் கண்டதை வரைய வேண்டும் என்று ஜப்பானிய ஓவியர் கானே யாமமோதோ 1919ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கினார். அவ்வியக்கம் பரவிய நாட்களில், 1925இல், ஸகுரா நிறுவனம் இக்குச்சியை வெளியிட்டது. விரலால் தேய்த்தாலே இரு நிறங்கள் கலந்துவிடும். கையும் சட்டையும் பாயும் பாழாகும் என்பதும் உண்மையே. பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்போருக்கு நாம் இதனையே சொல்வோம்.

காரணம் இதுதான். லயத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கொழுந்து பறிக்கும் தன் தாயை வரைந்தாள். தேயிலைக்கு மூன்று பச்சைகளைத் தேர்ந்தெடுத்தவள், முகத்துக்கு மட்டும் யோசனையின்றி வெளிறிய ரோஜா நிறக் குச்சியை எடுத்தாள். அதுதான் ‘ஸ்கின் கலர்’ என்றாள். எதிரிலேயே அமர்ந்திருந்த தாயின் முகத்தை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமும் அத்தகைய நிறத்துக்கு ஒரு காலத்தில் மாமிச நிறம் எனப் பொருள்படும் பெயரையே வைத்திருந்தது. 1962இல் அதனைப் பீச் பழத்தின் பெயராக மாற்றிற்று. 2020இல் மனித மேனிக்குரிய 24 நிறங்கள் கொண்ட தனிப்பெட்டியே வெளியிட்டது. நம் பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பழுப்பின்மேல் சிறிது ஆரஞ்சு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பழுப்பு என்று தாளின் ஓரத்தில் தேய்த்து, தாயின் புறங்கையருகே வைத்துப் பார்க்கச் சொன்னோம். மூன்றாம் முயற்சியில் நிறம் ஒத்துவிட்டது. “நான் இவ்வளவு கறுப்பா?” என்று தாய் சிரித்தார். சிறுமி தாளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஆமாம் என்றாள். அந்நிறத்துக்குத் தமிழில் ‘மாநிறம்’ என்று பெயர் என்றோம். அவள் அச்சொல்லைக் கேட்டதில்லையாம். படத்தின் கீழே எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். அன்றே அரக்கு, கிளிப்பச்சை, பாசிப்பச்சை ஆகியனவும் எழுதப்பெற்றன. பெட்டியின்மேல் இப்பெயர்கள் ஏதும் இல்லை; வீட்டில் சொன்னாலன்றிப் பிள்ளைகள் எங்கே கேட்பார்கள்?

வாங்கிய குச்சிகள் தீர்ந்துவிட்டால் அடுக்களை இருக்கிறது. பாலக்காட்டுக் கோயில்களில் களமெழுதுவோர் அரிசிமாவு, உமிக்கரி, மஞ்சள், இலைத்தூள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு என ஐந்து பொடிகளாலேயே பகவதியின் திருவுருவைத் தரையில் எழுதிவிடுகின்றனர். மஞ்சள் சுண்ணாம்பிற் பட்டுச் சிவப்பதை ஆரத்தி கரைக்கும் வீடுகளில் யாவரும் அறிவர். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் சிவந்துபோகும். மஞ்சளால் தீட்டிய படத்தைச் சுவரில் வெயில் படும்படி ஒட்ட வேண்டாம், நாளடைவில் வெளுத்துவிடும். நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தால் நிறம் நெடுநாள் நிற்கும். சுண்ணாம்பைப் பெரியவர்களே கரைத்துக் கொடுக்க வேண்டும், கண்ணிற் படலாகாது.