ஊசியின் காது

"நாற்பத்தைந்தைத் தாண்டிய பின் எதிலும் மனம் பற்றவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. யாரிடம் சொன்னாலும், 'நல்லதையே நினை, எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். அப்படிச் சொல்வோரைக் கண்டாலே இப்பொழுது எனக்கு எரிச்சல் உண்டாகிறது. நான் என்ன செய்யலாம்?" என்று வாசகச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். இக்கடிதம் என் மேசையில் மூன்று வாரங்களாகக் கிடந்தது. உடனே மறுமொழி எழுதாமைக்குக் காரணம் சோம்பலன்று. கேட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலையில்தான் மறுமொழி சொல்ல வேண்டியவளும் இருந்தாள்.

எனக்கு இப்பொழுது வயது 49. மூத்தவன் 2022 இல், நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த ஆண்டிலே, கனடாவுக்குப் போனான். இரண்டு வருடங்களில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் இப்பொழுது அங்கே வீடு வாங்குவதைப்பற்றிப் பேசுகிறான். இளையவள் பேராதனையில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தாலும் விருந்தாளியைப்போலப் பெட்டியைக் கட்டிலின் அருகிலேயே வைத்துக்கொள்கிறாள். கோண்டாவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டில் இன்று எஞ்சியிருப்போர் மூவர்: நீரிழிவுக்காரராகிவிட்ட என் கணவர், நான், 79 வயதான என் தாயார். நாலு சுண்டு அரிசி வெந்த பானையில் இன்று ஒன்றரைச் சுண்டு வேகிறது. இவர் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறிவிட்டபடியால் அதிலும் பாதி மிஞ்சுகிறது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கும் அந்த இராப்பொழுதுதான் நாள் முழுவதிலும் எனக்குக் கடினமான பொழுதாயிற்று. அழவேண்டிய அளவுக்கு அங்கே எதுவுமில்லை. ஆனால் மூடியை வைத்த பின்னும் கை சிறிது நேரம் அதன்மேலேயே இருக்கும்.

நம் முன்னோர் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று உலா நூல்களிலே அவர்களை நிரை நிரையாக நிறுத்தினர். பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. அத்தோடு வரிசை முடிந்துவிடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதில் அவள் என்னவாகிறாள் என்பதை அவ்வரிசை கூறாது. தலைவன் வீதியில் உலாப் போகும்போது எட்டிப் பார்க்க அவளுக்கு அடுப்பங்கரையில் நேரம் கிடைத்திராது என்று புலவர் எண்ணினர் போலும்.

மேனாட்டார் இப்பருவத்தை இவ்வாறு விட்டுவிடவில்லை. எலியட் ஜாக்ஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1965 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலிருந்தே 'நடுவயது நெருக்கடி' என்ற தொடர் உலகெங்கும் பரவியது. 2008 இல் பிளாஞ்ச்பிளவர், ஒஸ்வால்ட் என்னும் பொருளியலாளர் இருவர் பல நாட்டு மக்களிடம் எடுக்கப்பட்ட கணிப்புகளை ஆராய்ந்தனர். மனநிறைவு நாற்பதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும் அடிமட்டத்துக்குச் சென்று பின்னர் மெல்ல ஏறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதனினும் வேடிக்கையானது 2012 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. சிம்பன்சியும் ஒராங்குட்டானுமாக 508 மனிதக் குரங்குகளின் மனநிலையை, அவற்றைப் பராமரிப்போரிடம் கேட்டு அறிந்தனர். அவற்றுக்கும் நடுவயதிலே ஒரு சோர்வு காணப்பட்டதாம்! இத்தகைய கணிப்புகளை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும் இதை வாசித்த அன்று எனக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது. பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பாத குரங்குக்கும் இவ்வயதில் மனம் தளர்கிறதென்றால், எல்லாப் பழியையும் என் தலையிலேயே சுமத்திக்கொள்ள வேண்டியதில்லையன்றோ?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடலில் நிகழும் மாற்றங்களாலும் உறக்கம் குலையும், மனம் சஞ்சலமடையும். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின் அதனை வயதின் குற்றமென்று விட்டுவிடலாகாது; வைத்தியரிடம் போகவேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுக்க நாணாத நாம் இதற்கு மட்டும் நாணுவது ஏனோ தெரியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சென்ற தை மாதத்தில் ஒருநாட் காலை இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியை எடுத்தேன். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினேன். ஊசியின் காதைக் காணவில்லை. யன்னலோரம் போனேன், கையை நீட்டிப் பிடித்தேன், நூல் ஊசிக்கு இப்பாலும் அப்பாலும் போயிற்றேயன்றி உள்ளே போகவில்லை. கண்ணினுள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ந்து கொடுப்பது. கிட்டவுள்ள பொருளை நோக்கும்போது அது திரண்டு குவியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வில்லை இறுகிப்போகிறது. நாற்பதைக் கடந்தோர் எல்லோருக்கும் முன்பின்னாக இது வந்தே தீரும். தொலைவில் உள்ள கோபுரம் தெளிவாகத் தெரியும். கையில் உள்ள ஊசி தெரியாது. இதற்கு நம்மவர் வைத்த பெயர் வெள்ளெழுத்து.

வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் சிரித்தார். "எனக்கும் உன்ரை வயசிலைதான் பிள்ளை வந்தது. நீதானே அப்ப கோத்துத் தந்தனி" என்றார். நேற்றுச் சாப்பிட்டது என்னவென்று கேட்டால் இப்பொழுதெல்லாம் அவருக்கு நினைவு வருவதில்லை. பழையவை மட்டும் ஒன்றும் அழியவில்லை.

ஆம், நான்தான் கோத்துக் கொடுத்தேன். அது 1995 ஆம் ஆண்டு. அப்பொழுது எனக்கு வயது 19, அவருக்கு 49.

அவ்வாண்டு ஐப்பசி மாதம், ஒக்டோபர் 30 ஆந் திகதி மாலையில், வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. நல்லூரும் செம்மணியும் நாவற்குழிப் பாலமும் மனிதத் தலைகளாலே நிறைந்திருந்தன. ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் காத்து நிற்கவேண்டும். துவிச்சக்கரவண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மீசாலைக்கு மறுநாட் பிற்பகலில்தான் போய்ச் சேர்ந்தோம்.

புறப்படும்போது தந்தையார் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவோ தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றி உரப்பையில் இட்டு, துவிச்சக்கரவண்டியின் பின்னால் வைத்துக் கட்டுமாறு சொன்னார். "உயிருக்கே வழியில்லை, இந்த இரும்பு எதற்கு?" என்று தந்தையார் கோபித்தார். அம்மா மறுமொழி சொல்லாமல் கயிற்றை எடுத்துத் தாமே கட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடி செம்மணி நெருக்கத்தில் எங்கேயோ விழுந்துபோயிற்று.

மீசாலையில் முன்பின் அறியாத குடும்பமொன்று தங்கள் விறாந்தையில் எங்களுக்கு இடந் தந்தது. முற்றத்தில் பெரியதொரு மாமரம். அம்மரத்தின்கீழே ஒரு வாங்கின்மேல் இயந்திரத்தை வைத்தார் அம்மா. காலால் மிதிக்கும் அடிப்பகுதி கோண்டாவிலில் கிடந்தபடியால் வலக்கையினால் சக்கரத்தைச் சுற்றி, இடக்கையினால் துணியைத் தள்ளித் தைத்தார். பழைய வேட்டிகளும் சேலைகளும் குழந்தைகளின் சட்டைகளாயின. சிலர் ஒரு சுண்டு அரிசி தந்தனர், சிலர் ஒன்றும் தரவில்லை, அவர் கேட்கவுமில்லை. நூல் அறும்போதெல்லாம், "பிள்ளை, இந்த ஊசிக்கு ஒருக்கா நூல் கோத்துத் தா" என்று கூப்பிடுவார். தைத்துக்கொண்டே மெல்லிய குரலில் ஏதாவது பாடுவார்.

அந்தப் பாட்டுத்தான் என்னால் தாங்க முடியாததாயிற்று. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த கொப்பிகள் யாவும் வீட்டில் கிடந்தன. என் தோழிகளுள் யார் எங்கே என்றும் தெரியாது. ஒருநாள் வெடித்துவிட்டேன். "எல்லாம் போன பிறகு உங்களுக்குப் பாட்டு எங்கையிருந்து வருகுது?" என்று எல்லோரும் கேட்கக் கத்தினேன். அம்மா சக்கரத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பின்னர் ஊசியைக் காட்டி, "கோத்துத் தா" என்றார். அவ்வளவுதான். நெடுங்காலம் அதனைக் கல்மனம் என்றே எண்ணியிருந்தேன். 1996 இல் நாம் ஊர் திரும்பியபோது வீட்டில் ஓடுமில்லை, கதவுமில்லை. இயந்திரத்தின் இரும்புக் கால்கள் மட்டும் துருவேறி முற்றத்தில் நின்றன. அவற்றின்மேல் தலைப்பகுதியைப் பொருத்தி மறுவாரமே தைக்கத் தொடங்கினார். அப்பொழுதும் எனக்கு விளங்கவில்லை.

முப்பது வருடங்களுக்குப் பிறகு, சென்ற தையில், நூல் கோக்க மாட்டாமல் நின்ற அந்தக் காலையில்தான் அவரருகே இருந்து கேட்டேன்: "மீசாலையிலை நீங்கள் நடந்ததை ஒண்டையும் யோசிக்கேல்லையோ அம்மா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யோசிக்காமல் என்ன? விடியப்புறம் நீங்கள் எல்லாரும் நித்திரையாய்க் கிடக்கேக்கை எழும்பியிருந்து எண்ணுவன். வீடு, மாடு, உன்ரை படிப்பு, கொப்பற்றை வேலை எல்லாத்தையும் எண்ணுவன். ஒண்டையும் விடமாட்டன். எண்ணி முடிஞ்சாப் பிறகுதான் மெசினிலை கை வைப்பன். எண்ணாமல் தைச்சால் தையல் கோணிப்போகும்."

கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இதுவே. 'நல்லதையே நினை' என்று உபதேசிப்போர் எண்ணிப் பார்க்கும் அந்த வேலையை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறார்கள். அதனாலேயே அவர்கள்மீது எரிச்சல் உண்டாகிறது, அதில் தவறில்லை. என் குற்றமோ வேறு. நான் எண்ணத் தொடங்கி முடிக்காமலே விட்டுவிடுவேன். பானையை மூடும்போது சிறிது, பேருந்துக்கு நிற்கும்போது சிறிது, பாடம் நடத்தும்போது நடுவிலே சிறிது என்று நாள் முழுவதும் எண்ணிக்கொண்டேயிருந்தேன். கணக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அதன்பின் நானும் விடியற்காலையில் எழுந்து, தேநீரோடு பின் விறாந்தையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் வெறும் முறைப்பாடுகளாகவே வந்தன. இரண்டாம் நாள், எனக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்த பதவியுயர்வு ஒன்று வந்தது. அதை எண்ணியபோது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான், 'மகன் திரும்பி வரமாட்டான்' என்று வாயால் சொன்னேன். மூன்று வருடங்களாக ஒருவரிடமும் சொல்லாத வாக்கியம் அது. சொல்லிவிட்டு அழுதேன். அழுகை பெரிதுதான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது, இன்னொன்று ஊற்றிக் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் பேசியபோது, "எப்ப வாறாய்?" என்ற வழக்கமான கேள்வியை நான் கேட்கவில்லை. "அந்த வீட்டுக் குசினி யன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்குது?" என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தான். தெரியாது என்றான். மறுநாளே மீண்டும் அழைத்து, "கிழக்கு, அம்மா" என்றான். மாதத்துக்கு இரண்டு தடவை அழைப்பவன் அடுத்த நாளே அழைத்தது அதுவே முதற்றடவை. சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்பதுபற்றி அரைமணி நேரம் பேசினோம். இதனால் என் துயரம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். விடியற்காலையில் எண்ணத் தவறிய நாட்களில் பானையும் மூடியும் பழையபடியே என்னைப் பிடித்துக்கொள்கின்றன.

செய்தி கேட்ட அம்மா, புது வீட்டுக்குத் தலையணை உறை தைக்க வேண்டுமென்று தம் பழைய சேலையொன்றை எடுத்து வெட்டிவிட்டார். யாருக்கு என்று கேட்டால் பெயர் வாயில் வருவதில்லை. "கனடாவிலை இருக்கிறவனுக்கு" என்கிறார். முழங்கால் நோவினால் அவரால் இப்பொழுது மிதிக்க முடியாது. ஆகையால் மீசாலையில் செய்ததைப் போலவே சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நூல் அறுந்தது. நான் புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடியைப் பள்ளிக்கூடத்து மேசையிலே மறந்துவிட்டு வந்திருந்தேன். அம்மா முயன்றார், நான் முயன்றேன், மீண்டும் அம்மா முயன்றார். ஈற்றில் அயல்வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டோம். எட்டு வயது. வேலிப் பொட்டால் புகுந்து ஓடி வந்தவள், ஊசியின் காதில் ஒரே தடவையில் நூலைக் கோத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமே தெரியேல்லையோ?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அம்மா, சக்கரத்தில் கையை வைத்தபடி.

அவள் பனங்கட்டித் துண்டொன்றைக் கூலியாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வந்த பொட்டாலேயே போய்விட்டாள்.