'ஆமா' போட ஆள் வேணும் மக்கா!

ஹெட்போன் கார்னர்

இன்டர்னல் மார்க் வந்தாச்சா? நல்ல மார்க் வாங்கினவங்க சிரிச்சுக்கிட்டே படிங்க. வாங்காதவங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் படிங்க. கவலை கொஞ்சம் குறையும், கேரண்டி!

இந்தப் பக்கத்துல ஊர் ஊரா, நாடு நாடா பாட்டு கேட்டுச் சுத்தியாச்சு. இந்த வாரம் எங்க ஊருக்கே வாங்க. பூதப்பாண்டி. நாகர்கோவில்ல பஸ் ஏறினா தாடகை மலை கிட்ட வந்து நிக்கும். கீழே வயல், நடுவுல பூதலிங்கசாமி கோயில். பொதுஅறிவுப் பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: தோழர் ஜீவா 1907-ல் பிறந்த ஊர் இதுதான்.

ஊரைப் பற்றிப் பெருமை பேசினது போதும். இப்போ நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். இதை இன்னும் வீட்டுலகூடச் சொல்லலை.

செகண்ட் பிரைஸ் வாங்கிய திருடன்

சித்திரையில எங்க தெருக் கோயில்ல கொடை. 'கொடைன்னா என்ன பாஸ்?'னு கேக்கிற வடக்கத்தி நண்பர்களுக்கு (எங்களுக்கு மதுரைக்கு மேலே எல்லாமே வடக்குதான்!) ஒரு விளக்கம். தென்மாவட்டங்கள்ல சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் மாதிரி நாட்டார் தெய்வங்களுக்கு எடுக்கிற திருவிழா. சாமிக்குச் சாமி தனிக் கதை உண்டு. அந்தக் கதையை ராத்திரி விடிய விடியப் பாடுறதுதான் வில்லுப்பாட்டு.

நான் மேடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் செல்போன்ல ரெக்கார்ட் பண்ணினேன். ஹாஸ்டலுக்கு வந்து லேப்டாப்ல போட்டேன். குடம் அடிக்கிற சத்தத்துல நாலு செகண்டை வெட்டி லூப் ஆக்கினேன். 112 பி.பி.எம்.ல ஒரு எலெக்ட்ரானிக் பீட். ரூம்மேட்டோட பேஸ் கிட்டார். புலவர் குரலுக்கு லேசா எக்கோ. பின்னால கேட்ட இரைச்சலை எல்லாம் சாஃப்ட்வேர்ல சுத்தமாத் துடைச்சேன்.

கல்ச்சுரல்ஸ்ல போட்டோம். ஆடிட்டோரியமே எழுந்து ஆடுச்சு. செகண்ட் பிரைஸ், 3,000 ரூபாய். அன்னிக்கு ராத்திரி நான் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு அடுத்த வீடு!

லீவுக்கு ஊருக்கு வந்ததும், குடம் அடிக்கிற மாமாகிட்ட ஓடினேன். சொந்த மாமா இல்ல, சின்ன வயசுல இருந்து கூப்பிட்டுப் பழகின முறை. தலையில கட்டியிருந்த துண்டுக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடி முழுசாக் கேட்டார்.

"கொள்ளாம் மக்ளே. குடம் நல்லா விழுது. ஆனா நான் எங்க?"

"குடமே நீங்கதானே மாமா?"

"குடம் செரி. நான் போட்ட 'ஆமா' எல்லாம் எங்க போச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இரைச்சல்னு நினைச்சு நான் துடைச்சது அவர் குரலை!

அவர் அதோட விடலை. "இன்னொண்ணு. கதை ஏறுது, அடி ஏறல்லியே. இப்பிடி அடிச்சா மாடன் எப்பிடிடே வருவான்?"

நாலு வருஷ எலெக்ட்ரானிக்ஸ் சிலபஸ்ல இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது பாஸ்.

மண்குடம் ஒரு சப்வூஃபர்!

மாமா கேட்டது என்னன்னு புரியணும்னா, வில்லு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். நடுவுல நீளமான வில், அதுல வரிசையா மணிகள். புலவர் ரெண்டு கையிலயும் வீசுகோல் பிடிச்சு நாணைத் தட்டுவார். தட்டினதும் மணி எல்லாம் சேர்ந்து சிணுங்கும். கூடவே உடுக்கை, ஜால்ரா, கட்டை. அப்புறம் நம்ம ஹீரோ, மண்குடம்.

குடத்தோட கழுத்துல வில் உட்கார்ந்திருக்கும். குடக்காரர் பத்திங்கிற மட்டையால குடத்தோட வாயில அடிப்பார். உள்ளே இருக்கிற காத்து மொத்தமா அதிரும். காலி பாட்டில் வாயில ஊதினா 'பூம்'னு வருமே, அதே ஃபிசிக்ஸ். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர்னு படிச்சு மறந்திருப்பீங்க. உங்க ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் பெட்டியில ஒரு ஓட்டை இருக்கே, அதுவும் இதே தத்துவம்தான். ஆக, பேஸ் கிட்டார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மாட்கள் பேஸ் வச்சிருந்தாங்க!

ஆனா வில்லுக்கு உயிர் வாத்தியத்துல மட்டும் இல்ல. புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்துல இருக்கிறவங்க 'ஆமா' போடணும். சும்மா தலையாட்டுற ஆமா இல்ல. 'அப்புறம் என்னாச்சு?'னு தள்ளிவிடுற ஆமா, 'அடப்பாவமே'ங்கிற ஆமா, 'நிஜமாவா?'னு நக்கல் பண்ற ஆமா. இப்படிப் பல ரகம். கூட்டத்துக்கு வர்ற சந்தேகத்தை முதல்ல கேக்கிறவரும் அவர்தான். அவர் இல்லாட்டி புலவர் தனியாப் பேசுற ஆள் ஆயிடுவார்.

வேகமும் அப்படித்தான். கணபதி வணக்கம், குரு வணக்கம், அவையடக்கம்னு நிதானமா ஆரம்பிக்கும். கதை நாயகனோட பிறப்பு, வளர்ப்பு எல்லாம் ஆற அமர நடக்கும். கொலையோ மரணமோ வர்ற கட்டம் நெருங்க நெருங்க அடி ஏறும். அங்கேதான் கோயில்ல சாமி வரும். கதையில செத்தவர் ஆடுறவர் உடம்புல எழுந்து நிக்கிற நேரம் அது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் நம்ம பக்கம் வந்து கொடை கொடையா உட்கார்ந்து கேட்டுட்டுப் போய், 1988-ல் வில்லுப்பாட்டு பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதோட தலைப்பே பிறப்பையும் இறப்பையும் பாடுறதைப் பற்றித்தான்.

நான் என்ன பண்ணினேன்? அந்த ஏத்தத்தை 112-ல கட்டிப்போட்டேன். மாடன் எப்படி வருவான்?

'கலப்படம்' புதுசு இல்ல

"அப்போ பழசைத் தொடவே கூடாதா?"னு சண்டைக்கு வராதீங்க. வில்லு எப்பவுமே கலந்துக்கிட்டேதான் வந்திருக்கு. இன்னிக்குப் பல மேடையில வில்லோட ஆர்மோனியம் இருக்கும். அது ஐரோப்பாவுல பிறந்த பெட்டி. மைக் செட்டும் நம்ம மாடனுக்கு முன்னோர் வழிச் சொத்து இல்ல.

நாகர்கோவில் ஒழுகினசேரியில 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கையில எடுத்து, அன்றாட நாட்டு நடப்பைப் பாடிச் சிரிக்க வச்சார். அவர் சென்னைக்குக் கூட்டிட்டுப் போன திருநெல்வேலிக்காரர் சுப்பு ஆறுமுகம், மாடன் கதை பாடின வில்லுல காந்தி கதை பாடினார். வானொலி, டிவின்னு பட்டிதொட்டி எங்கும் போனார். 2021-ல் பத்மஸ்ரீ, 2022-ல் மறைவு. அவங்க காலத்துக்கு அதுதான் ஃப்யூஷன்!

உலகம் பூராவும் இந்தக் கதை ஓடுது. மங்கோலியாவுல 'தி ஹூ'ன்னு ஒரு பேண்ட். குதிரைத் தலை செதுக்கின அவங்க ஊர் ஃபிடில், தொண்டையில இருந்து உறுமுற பாரம்பரியக் குரல், அதோட ஹெவி மெட்டல். 2018-ல் யூடியூப்ல வந்து உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சாங்க. ஈழத் தமிழ்க் குடும்பத்துல லண்டன்ல பிறந்த எம்.ஐ.ஏ., 2006-ல் வந்த 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுக்கு நம்ம உறுமியைத்தான் அதிர விட்டார். சென்னையில 2018 ஜனவரியில மேடை ஏறின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில நிறுத்தி, சாதியைக் கேள்வி கேட்டுச்சு.

இதுக்கெல்லாம் 'வேர்ல்ட் மியூசிக்'னு ஒரு பேர் வச்சாங்களே, அது எப்படி வந்துச்சு தெரியுமா? 1987-ல் லண்டன்ல ஒரு பப்ல சில சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரங்க கூடினாங்க. ஆப்பிரிக்கா, ஆசியா பாட்டை எல்லாம் கடையில எந்த அலமாரியில வைக்கிறதுன்னு குழப்பம். சரி, அலமாரிக்கு ஒரு பேர் வைப்போம்னு வச்சதுதான் அது. நம்ம பாட்டி பாடினா 'வேர்ல்ட்', அவங்க பாடினா வெறும் 'மியூசிக்'! இந்த உறுத்தலாலதான் கிராமி விருதுக்காரங்களே 2020-ல் அந்தப் பேரைத் தூக்கிட்டு 'குளோபல்'னு மாத்தினாங்க.

பேர் யாருக்கு, காசு யாருக்கு?

ஆக, கலக்கலாமா வேண்டாமாங்கிறது கேள்வியே இல்ல. கலக்கும்போது யார் குரல் நிக்குது, யார் குரல் 'இரைச்சல்' ஆகுதுங்கிறதுதான் கேள்வி.

'என்ஜாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்குல்ல? 2021 மார்ச்சில் வந்து உலகம் சுத்தின பாட்டு. ஒப்பாரியோட சாயல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச அறிவோட பாட்டியின் கதை, தீயோட குரல், சந்தோஷ் நாராயணன் இசை. அதே வருஷம் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டையில அறிவு படம் இல்லைன்னு சர்ச்சை. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில அந்தப் பாட்டை அறிவு இல்லாமப் பாடினப்போ மறுபடியும் யாருக்கு எவ்வளவு பங்குன்னு விவாதம். 2024-ல் சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவுல, இந்தப் பாட்டால வருமானம்னு எதுவும் வரலைன்னு சொன்னார். கோடிக்கணக்குல வ்யூஸ் வாங்கின பாட்டுக்கே இந்த நிலைமைன்னா, செல்போன்ல ரெக்கார்ட் ஆன எங்க மாமாவோட குடத்துக்கு?

எங்க மாவட்டத்துலயே அகஸ்தீஸ்வரம் பக்கம் பூங்கனின்னு ஒரு பாட்டி இருந்தாங்க. ஆம்பளைங்க நிறைஞ்ச வில்லு மேடையில முன்னால உட்கார்ந்து கோலைப் பிடிச்சவங்க. 80 வயசு தாண்டி, 2018 நவம்பரில் இறந்தாங்க. கடைசிக் காலம் வறுமையிலதான்னு பத்திரிகைகள் எழுதின. கலையைப் புகழ்ந்து பேசுறவங்களுக்குக் குறைச்சலே இல்ல. கலைஞரோட அரிசி டப்பாவை எட்டிப் பாத்தவங்கதான் கம்மி.

மறுபடியும் முதல்ல இருந்து...

3,000 ரூபாய்ல என் பங்கு 1,500. ரூம்மேட் பங்கையும் கடன் வாங்கி (அவன் இன்னும் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கான்!) மாமாகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். சினிமாவா இருந்தா 'வேண்டாம் மக்ளே'ன்னு கண் கலங்கியிருப்பார். மாமா எண்ணிப் பாத்து மடியில வச்சார்.

"அடுத்த தடவை எடுக்கதுக்கு முன்னாடி கேளு, என்ன?"

கேட்டேன். புலவர்கிட்டயும் கேட்டேன். "கோயில்ல சாமிக்குன்னு பாடுறதை எடுக்காதே. நாட்டு வளம் பாடுறதை எடுத்துக்கோ"ன்னார். இப்படி ஒரு கோடு இருக்குன்னே எனக்குத் தெரியாது. சாமி வர்ற கட்டத்துக்கு ஆடிட்டோரியத்துல விசில் அடிச்சவன் நான்.

போன மாசம் மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து திரும்ப எடுத்தோம். கிளிக் டிராக் கிடையாது. குடம் ஏறினா பேஸ் கிட்டாரும் ஏறணும், அவ்வளவுதான் ரூல். தாம்பரத்துல இருந்து வந்த ரூம்மேட்டைப் புலவருக்குப் பக்கத்துல உட்கார வச்சு, "நீயும் ஆமா போடணும்டே"ன்னுட்டாங்க. அவன் போட்ட முதல் ஆமா, அட்டெண்டன்ஸ்ல 'எஸ் சார்' சொன்ன மாதிரியே இருந்துச்சு. திண்ணையே சிரிச்சுது. பத்தாவது டேக்லதான் கொஞ்சம் தேறினான்.

ஃபைல்ல முதல்ல வில்லுக் குழு அஞ்சு பேர் பேரு. எங்க ரெண்டு பேர் பேரு கடைசியில. பிரைஸ் வாங்கின பழைய டிராக்கை அழிச்சுட்டேன். புதுசு பழசு அளவுக்கு ஆட வைக்குமான்னு கேட்டா, இல்ல. நடுவுல ரெண்டு இடத்துல பேஸ் தடுமாறுது. நாய் ஒண்ணு குலைக்குது. ஆனா மாமா கேட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னார்:

"ஆமா!"

எந்த ரகம்னு மட்டும் சொல்லலை.

காதுக்கு ஹோம்வொர்க்

ஒண்ணு: 'தி ஹூ'வோட 'வுல்ஃப் டோட்டம்'. சத்தமா வைங்க, வார்டன் ஊருக்குப் போன அன்னிக்கு.

ரெண்டு: எம்.ஐ.ஏ.வோட 'பேர்ட் ஃப்ளூ'. உறுமி எங்க வருதுன்னு கண்டுபிடிங்க.

மூணு: சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டு, எது கிடைச்சாலும். பாடுறவரை விடுங்க, 'ஆமா' போடுறவங்களை மட்டும் கவனிங்க.

நாலு: உங்க ஊர்லயோ ஃப்ரெண்ட் ஊர்லயோ அடுத்து வர்ற கொடையோ, கூத்தோ. போய் உட்காருங்க. செல்போன் பையில இருக்கட்டும். ரெக்கார்ட் பண்ணணும்னு கை துறுதுறுன்னா, முதல்ல கேட்டுடுங்க மக்கா.

வரட்டுமா? அடுத்த வாரம் பாப்போம்!